நாம் பதியும் எண்கள் எங்கே போகின்றன?

(குறுவள மையக் கூட்டத்தில் தொடக்க, உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



‘அரசின் திறந்த தரவும் ஆசிரியரும்’ என்ற தலைப்பில் பேசச் சொல்லியிருக்கிறார்கள். இது கணினி வல்லுநர்கள் பேச வேண்டிய பொருளாயிற்றே என்று சிலருக்குத் தோன்றலாம். நம் நாட்டில் ஏறத்தாழ 14.7 லட்சம் பள்ளிகள் இருப்பதாக யுடைஸ் பிளஸ் அறிக்கை சொல்கிறது. எத்தனை வகுப்பறைகள், எத்தனை கழிப்பறைகள், எத்தனை பிள்ளைகள் என்று அதில் வரும் ஒவ்வொரு எண்ணும் முதலில் ஏதோ ஒரு பள்ளியின் பதிவேட்டில், ஓர் ஆசிரியரின் கையெழுத்தில் இருந்ததுதான். ஆகவே இந்தப் பேச்சு நம்மைப் பற்றியது.

விவரம் கேட்டுக் கேட்டே நம் நேரம் போகிறது என்ற ஆதங்கம் எல்லா ஆசிரியர் அறைகளிலும் உண்டு. அந்த ஆதங்கத்தில் நியாயம் இருக்கிறது. கொடுத்த விவரமே மீண்டும் மீண்டும் கேட்கப்படுகிறது. கொடுத்தது என்ன ஆயிற்று என்று நமக்குத் தெரிவதில்லை. நாம் பதிந்த எண்கள் எங்கே போகின்றன, நமக்கும் நம் ஊருக்கும் திரும்பி வருகின்றனவா? இந்தக் கேள்வியை மையமாக வைத்தே பேச விரும்புகிறேன்.

திறந்த தரவு என்பது எது?

அரசு தன் பணிக்காக மக்கள் வரிப்பணத்தில் திரட்டும் விவரங்களில், தனிமனிதரைப் பற்றியதும் நாட்டின் பாதுகாப்பைப் பற்றியதும் நீங்கலாக மற்றவற்றை எவரும் எடுத்துப் பயன்படுத்தும்படி வெளியிடுவதே திறந்த அரசுத் தரவு.

வெளியிட்டால் மட்டும் அது திறந்த தரவு ஆகிவிடாது. மூன்று நிபந்தனைகள் இருக்கின்றன. முதலாவது, கட்டணமும் அனுமதிக் கடிதமும் இல்லாமல் எவரும் பெற முடிய வேண்டும். இரண்டாவது, கணினி கூட்டிக் கழித்துப் பார்க்கும் வடிவில் இருக்க வேண்டும். ஒரு மதிப்பெண் பட்டியலை எக்செல் கோப்பாகத் தந்தால் வகுப்புச் சராசரியை ஒரு நொடியில் காணலாம். அதையே நகலெடுத்துப் படமாக பி.டி.எஃப். கோப்பில் தந்தால் அத்தனை எண்களையும் திரும்பத் தட்டச்சு செய்ய வேண்டும். அது கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டிய புத்தகம் போன்றது. அட்டை தெரியும், படிக்க முடியாது. மூன்றாவது, எடுத்தவர் அதைத் தம் ஆய்வுக்கோ, செயலிக்கோ, பாடத்துக்கோ பயன்படுத்தச் சட்டப்படி உரிமை இருக்க வேண்டும்.

தொடங்கியது எப்படி?

அமெரிக்காவில் 2009 மே மாதம் டேட்டா டாட் கவ் என்ற தளம் 47 தரவுத் தொகுப்புகளோடு தொடங்கியது. அன்று அந்நாட்டு அரசின் தலைமைத் தகவல் அலுவலராக இருந்தவர் புதுதில்லியில் பிறந்த விவேக் குந்த்ரா. அடுத்து 2010 ஜனவரியில் பிரிட்டன் தன் தளத்தைத் திறந்தது. வைய விரிவு வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ் லீ அந்தப் பணிக்கு வழிகாட்டியாக இருந்தார்.

நம் நாட்டுக் கதை அதற்கும் முன்பே தொடங்குகிறது. 1997-லேயே தகவல் பெறும் உரிமைக்கென்று ஒரு சட்டம் இயற்றிய முதல் மாநிலம் தமிழ்நாடு. பிறகு 2005-இல் நாடு முழுவதற்குமான தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்தது. விண்ணப்பம் போட்டுக் கேட்பதற்கான சட்டம் என்றே அதை நாம் நினைவில் வைத்திருக்கிறோம். அதன் 4-ஆவது பிரிவு வேறொன்றையும் சொல்கிறது. எவரும் கேட்காமலே அரசு அலுவலகம் தானாக முன்வந்து விவரங்களை வெளியிட வேண்டும். விண்ணப்பம் போட வேண்டிய தேவையே குறைய வேண்டும் என்பது அப்பிரிவின் நோக்கம்.

அந்த வழியில் 2012 மார்ச்சில் தேசியத் தரவுப் பகிர்வு மற்றும் அணுகல் கொள்கை அரசிதழில் வெளியானது. மத்திய அரசின் ஒவ்வொரு துறையும் தரவுக்கென்று பொறுப்பு அலுவலர் ஒருவரை அமர்த்த வேண்டும், மூன்று மாதங்களுக்குள் குறைந்தது 5 முக்கியத் தரவுத் தொகுப்புகளை வெளியிட வேண்டும், எஞ்சியவற்றை ஓராண்டுக்குள் வெளியிட வேண்டும், வெளியிடக் கூடாதவற்றைத் தனிப் பட்டியலாக்க வேண்டும் என்று அது வகுத்தது. அதே ஆண்டு அக்டோபரில் டேட்டா டாட் கவ் டாட் இன் தளம் சோதனை வடிவில் வந்தது. தேசியத் தகவலியல் மையம் அதை நடத்துகிறது. இந்திய, அமெரிக்க அரசுகள் சேர்ந்து உருவாக்கிய திறமூல மென்பொருள் அதற்கு அடிப்படையானது. தரவை எடுத்துப் பயன்படுத்தும் உரிமையைத் தெளிவாக்கும் உரிம ஆவணம் 2017 பிப்ரவரியில் வெளியானது.

“எல்லாவற்றையும் சரிபார்த்து முடித்த பிறகு வெளியிடுவோம்” என்று காத்திருந்தால் எந்தத் துறையும் தொடங்கியிருக்காது. ஐந்து தொகுப்பு, மூன்று மாதம், ஒரு பொறுப்பு அலுவலர் என்று சிறிதாகவும் திட்டவட்டமாகவும் சொன்னதால்தான் வேலை நகர்ந்தது. பள்ளியில் ஒரு புதிய முயற்சி தொடங்கும்போதும் இது நமக்குப் பயன்படும் பாடம்.

தொடர்ந்து நடத்துவதே கடினம்

தொடக்க விழா ஒரு நாளில் முடிந்துவிடும். நூலகத்தைத் திறந்து வைக்க ஒரு நாடா போதும். அதைத் தினமும் திறந்து வைக்க ஓர் ஆள் வேண்டும். தரவுத் தளமும் அப்படித்தான்.

கென்யாவைப் பாருங்கள். ஆப்பிரிக்காவில் முன்னோடியாக 2011 ஜூலையில் அந்நாட்டுக் குடியரசுத் தலைவர் கிபாக்கி திறந்த தரவுத் தளத்தைத் தொடங்கி வைத்தார். மக்கள்தொகைக் கணக்கும் அரசின் செலவுக் கணக்கும் அதில் வந்தன. உலகமே பாராட்டியது. அந்த முயற்சியை முன்னின்று இழுத்தவர் தகவல் துறைச் செயலாளராக இருந்த பிட்டாங்கே ந்தேமோ. தரவைத் தர வேண்டிய துறைகள் பல தயங்கின. தா என்று கட்டாயப்படுத்த அப்போது சட்டம் இல்லை. 2013-இல் அவர் பதவியிலிருந்து விலகிய பிறகு வேகம் குறைந்தது, புதிய தரவுகள் வருவது அருகியது. தகவல் பெறும் சட்டம் அங்கே 2016-இல்தான் வந்தது. ஒரு தனிமனிதரின் ஆர்வத்தை மட்டும் நம்பி நிற்கும் முயற்சிக்கு இந்த ஆபத்து எப்போதும் உண்டு. நல்ல தலைமையாசிரியர் ஒருவர் மாறுதலாகிப் போனதும் பள்ளித் தோட்டம் காய்ந்துபோவதை நாம் பார்த்ததில்லையா?

அமெரிக்காவுக்கும் சோதனை வந்தது. தளம் தொடங்கி இரண்டே ஆண்டுகளில், 2011-இல், அதற்குப் பணம் தந்த மின்னாளுமை நிதி பெருமளவு வெட்டப்பட்டது. தளம் மூடப்படலாம் என்ற பேச்சே எழுந்தது. தாக்குப்பிடித்து நின்றது. பின்னர் 2019 ஜனவரியில் திறந்த அரசுத் தரவுக்கென்று அங்கே சட்டமே நிறைவேறியது. அதன்பின் எவர் ஆட்சிக்கு வந்தாலும் தரவை வெளியிடுவது சட்டப்படியான கடமை ஆனது.

சட்டமும் பணமும் ஆளும் இருந்தாலும் இன்னொன்று வேண்டும். நம் நாட்டுத் தளத்தில் நாள் தவறாமல் புதுப்பிக்கப்படுபவை எவை என்று பார்த்தால் அது விளங்கும். சந்தைகளில் விளைபொருள் விலை அன்றாடம் வருகிறது. நகரங்களின் காற்றுத் தரக் குறியீடு வருகிறது. இவற்றுக்கென்று எவரும் தனியாக உட்கார்ந்து பதிவேற்றுவதில்லை. சந்தை நிர்வாகத்துக்காகவும் மாசுக் கண்காணிப்புக்காகவும் ஏற்கெனவே இயங்கும் அமைப்புகளிலிருந்து அவை தாமாகவே வந்து சேர்கின்றன. ஆளை உட்கார வைத்துத் தனியாகப் பதிவேற்ற வேண்டிய தொகுப்புகளோ, முதல் ஆண்டின் எண்களோடு நின்றுவிடும் ஆபத்தில் இருக்கின்றன. ஒருமுறை பதிந்தது எல்லா இடத்துக்கும் தானாகப் போய்ச் சேர வேண்டும் என்பதே இதிலிருந்து நாம் பெறும் பாடம். ஒரே விவரத்தை நான்கு படிவங்களில் நிரப்பும் ஆசிரியரின் ஆதங்கத்துக்கும் இதே பாடத்தில்தான் விடை இருக்கிறது.

எண்ணோடு அதன் குறிப்பையும் படிக்க வேண்டும்

2021-22-இல் நாட்டின் மாணவர் சேர்க்கை 26 கோடிக்கு மேல் இருந்தது. 2023-24 யுடைஸ் பிளஸ் அறிக்கையில் அது 24.80 கோடி. இரண்டு ஆண்டுகளில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட பிள்ளைகள் எங்கே போனார்கள் என்று பதறத் தோன்றும். அறிக்கையின் குறிப்பைப் படித்தால் இன்னொரு செய்தி தெரியும். முன்பு பள்ளிகளிடமிருந்து வகுப்புவாரியான மொத்த எண்ணிக்கை பெறப்பட்டது. 2022-23 முதல் ஒவ்வொரு மாணவருக்கும் தனிப் பதிவு. எண்ணும் முறையே மாறிவிட்டதால் முந்தைய ஆண்டுகளோடு அப்படியே ஒப்பிடக் கூடாது என்று அறிக்கையே சொல்கிறது.

அப்படியானால் பிள்ளைகள் எவரும் பள்ளியை விட்டு நிற்கவில்லை என்று முடிவு கட்டலாமா? அதுவும் கூடாது. எவ்வளவு முறை மாற்றத்தால் குறைந்தது, எவ்வளவு உண்மையாகவே குறைந்தது என்று தெருத்தெருவாகப் போய்ப் பார்க்கத்தான் வேண்டும். யார் எண்ணினார், எந்த நாளில் எண்ணினார், எப்படி எண்ணினார் என்ற குறிப்பு இல்லாமல் வெளியிடும் தரவு வதந்திக்கு விதை போடும். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீடு வீடாகப் போகும் நமக்கு, ஒரு கேள்வியின் வாசகம் சற்று மாறினாலும் விடை மாறும் என்பதைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

ராஜஸ்தான் சொல்லித் தந்தது

தரவுத் தளங்கள் எதுவும் இல்லாத காலத்தில் திறந்த தரவின் வலிமையைக் காட்டியவர்கள் ராஜஸ்தானின் கிராம மக்கள். அருணா ராய், நிகில் தே, சங்கர் சிங் ஆகியோர் கிராமத்தாரோடு சேர்ந்து 1990-இல் தொடங்கிய மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்ற அமைப்பு, 1994 டிசம்பரில் கோட் கிரானா என்ற ஊரில் மக்கள் விசாரணை ஒன்றை நடத்தியது. அரசுப் பணிகளின் செலவுக் கணக்கையும் கூலி பெற்றவர் பட்டியலையும் ஊரார் முன்னால் உரக்கப் படித்தார்கள். வேலைக்கே போகாதவர் பெயரில் கூலி, முடியாத கட்டடத்துக்கு முடிந்ததாகக் கணக்கு என்று இப்படிப்பட்ட விசாரணைகளில் ஒவ்வொன்றாக வெளிப்பட்டது. காகிதத்தில் அந்த எண்கள் ஒழுங்காகவே கூட்டப்பட்டிருந்தன. உண்மை தெரிந்தவர்கள் காதில் விழுந்தபோதுதான் பொய் வெளுத்தது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்கு வித்திட்ட போராட்டங்களில் இது முதன்மையானது. அதே மாநிலத்தில் 2019 செப்டம்பரில் ஜன் சூச்னா என்ற தளம் தொடங்கியது. யாருக்கு எவ்வளவு ரேஷன், எந்த ஊரில் என்ன பணி என்பதை மக்கள் விண்ணப்பிக்காமலே அதில் பார்க்கலாம்.

நான் சொல்ல வந்த கருத்தின் மையம் இதுதான். எண் எங்கிருந்து புறப்பட்டதோ அங்கே திரும்பி வர வேண்டும். அங்கே இருப்பவர்களால்தான் அதைச் சரிபார்க்க முடியும். திரும்பி வரும் என்று தெரிந்தால் பதிபவரும் கவனமாகப் பதிவார். பயன்படுத்துபவர் இருந்தால் பிழை சுட்டப்படும், பிழை சுட்டப்பட்டால் தரவு திருந்தும், திருந்திய தரவை இன்னும் பலர் பயன்படுத்துவார்கள். இந்தச் சக்கரம் சுழலும் வரைதான் ஒரு தரவுத் தளம் உயிரோடு இருக்கும்.

வகுப்பறையில் ஒரு முயற்சி

நான் கணக்கு ஆசிரியர். ஏழாம் வகுப்பில் சராசரி, இடைநிலை அளவு, முகடு என்று நடத்துகிறோம். முகடு எதற்கு சார் என்று பிள்ளைகள் கேட்பார்கள். விளைபொருள் விலைப் பட்டியலில் ஒவ்வொரு சந்தைக்கும் குறைந்த விலை, உயர்ந்த விலை, முகட்டு விலை என்று மூன்று பத்திகள் இருக்கும். குவிண்டாலுக்கு இவ்வளவு என்று ரூபாயில் இருக்கும். நம் மாநில உழவர் சந்தைகள் சிலவும் அதில் உண்டு. அதை அச்செடுத்து வகுப்பில் கொடுத்தேன். அன்று சந்தையில் பெரும்பாலும் எந்த விலைக்குப் பொருள் போனது என்பதைக் காட்டுவதே முகட்டு விலை என்றதும், எதற்கு என்ற கேள்வி போய்விட்டது.

தக்காளி விலையைப் பார்த்த ஒரு பையன், “எங்கப்பா இதவிடக் கொறச்சலுக்குத்தான் சார் போட்டுட்டு வந்தாரு. இத யாரு எழுதுறாங்க?” என்று கேட்டான். அன்றைய பாடவேளை முழுவதும் அந்தக் கேள்வியிலேயே கழிந்தது. சில்லறை விலையா, மொத்த விலையா? எந்தச் சந்தை? எந்த ரகம்? எந்த நேரம்? தரவைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பவும் கூடாது, எல்லாம் பொய் என்று தள்ளவும் கூடாது என்று நான் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

சமூக அறிவியல் ஆசிரியர்களுக்கு மழையளவுத் தரவு இருக்கிறது. நாட்டின் வானிலை உட்பிரிவுகள் பெரும்பாலானவற்றுக்கு 1901 முதல் மாதவாரியாகக் கிடைக்கிறது. தமிழ்நாட்டுக்கு ஒரு பட்டை வரைபடமும் கேரளத்துக்கு ஒன்றும் வரையச் சொல்லுங்கள். அங்கே ஜூன், ஜூலையில் உயரும் பட்டை இங்கே அக்டோபர், நவம்பரில் உயரும். வடகிழக்குப் பருவமழை என்ற சொல்லை அதன்பின் பிள்ளைகள் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. தளம் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருப்பது நம் பிள்ளைகளுக்கு ஒரு தடைதான். தலைப்புகளை மட்டும் தமிழாக்கி ஒரு பக்க அச்சாகத் தந்தால் தொடக்கப் பள்ளியிலும் பயன்படுத்தலாம். கணினி இல்லையே என்று காத்திருக்க வேண்டாம்.

திறக்கக் கூடாத கதவு

இவ்வளவு சொன்ன பிறகு ஓர் எச்சரிக்கையையும் சொல்லியாக வேண்டும். தரவு திறந்திருக்க வேண்டும். குழந்தை பத்திரமாக இருக்க வேண்டும்.

எத்தனை பிள்ளைகள் என்பது திறந்த தரவு. எந்தப் பிள்ளை என்பது அப்படி அல்ல. பெயர், ஆதார் எண், வங்கிக் கணக்கு, சாதி, பெற்றோர் கைபேசி எண் ஆகியவை அடங்கிய பட்டியலை வாட்ஸ்அப் குழுவில் போடுவது எந்தக் கணக்கிலும் வெளிப்படைத்தன்மை ஆகாது. 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிறையாத அனைவரையும் குழந்தைகள் என்றே கொண்டு அவர்களுக்குத் தனிப் பாதுகாப்பு சொல்கிறது.

பெயர் இல்லாவிட்டாலும் ஆள் தெரிந்துவிடும் இடங்கள் உண்டு. முப்பது பிள்ளைகள் படிக்கும் ஓர் ஊராட்சி ஒன்றியப் பள்ளியில், ‘மூன்றாம் வகுப்பு, பார்வைக் குறைபாடு, பெண்: 1’ என்று எழுதினால் அது யார் என்று ஊருக்கே தெரியும். வட்டார அளவில் கூட்டிச் சொன்னால் அந்தக் குழந்தை மறைந்து நிற்பாள், அவளுக்கான சிறப்பாசிரியர் தேவை மட்டும் வெளியே தெரியும். எண்ணிக்கை மிகச் சிறியதாக இருந்தால் மேலும் தொகுத்து வெளியிடுவது உலகெங்கும் புள்ளியியலாளர் பின்பற்றும் நெறி. பள்ளி அறிவிப்புப் பலகையில் நலத்திட்டப் பட்டியல் ஒட்டும்போதும் இதை நாம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

நாம் செய்யக்கூடியவை

இனி, நம் கையில் இருப்பவை சிலவற்றைச் சொல்லி முடிக்கிறேன்.

முதலாவது, நம் பள்ளியின் 11 இலக்க யுடைஸ் எண்ணை இட்டு, பள்ளியின் அறிக்கை அட்டையை ஒருமுறை எடுத்துப் பார்ப்போம். அது பொதுவெளியில் எவரும் காணக்கூடியது. பயன்படும் கழிப்பறை, குடிநீர், ஆசிரியர் எண்ணிக்கை எல்லாம் உள்ளபடி இருக்கின்றனவா?

இரண்டாவது, பழுதான கழிப்பறையைப் ‘பயன்பாட்டில் உள்ளது’ என்று பதிந்தால் அன்றைக்கு ஒரு கேள்வி தப்பும். பழுது பார்க்கப்பட வேண்டிய பட்டியலிலிருந்து நம் பள்ளியும் தப்பிவிடும். அதன் பலனைச் சுமப்பவர்கள் நம் பெண் பிள்ளைகள். மேலே எவர் என்ன நினைப்பாரோ என்ற தயக்கத்தில் எண்ணை அழகுபடுத்த வேண்டாம். உள்ளதை உள்ளபடி பதிந்ததற்காக ஆசிரியரைக் கடிந்துகொள்ளாத சூழலை அலுவலர் பெருமக்கள் தர வேண்டும் என்பதையும் இந்த மேடையில் பணிவோடு வேண்டுகிறேன். பயம் இருக்கும் இடத்தில் சரியான தரவு பிறக்காது.

மூன்றாவது, அந்த அறிக்கை அட்டையைத் தமிழில் எளிமையாக எழுதி, பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் உரக்கப் படிப்போம். ராஜஸ்தானின் அந்தக் கிராம மக்கள் செய்தது இதைத்தான். “கை கழுவுற குழாய் மூணு இருக்குன்னு போட்டிருக்கீங்களே, ரெண்டுலதானே தண்ணி வருது?” என்று ஓர் அம்மா கேட்டால் அவரை எதிரியாக நினைக்க வேண்டாம். கட்டணம் வாங்காமல் நம் தரவைச் சரிபார்த்துத் தரும் தணிக்கையாளர் அவர். குழு அதைத் தீர்மானமாக எழுதினால் அந்த எண்ணுக்கு ஊரின் பலமும் சேரும்.

நான்காவது, ஆண்டுக்கு ஒரு பாடமாவது உண்மையான அரசுத் தரவைக் கொண்டு நடத்துவோம். பிழை கண்டால் உரியவருக்கு எழுதுவோம்.

தேசியத் தரவுத் தளம் தில்லியில் ஏதோ ஒரு கணினியில் இருக்கலாம். அது நாளையும் உயிரோடு இருக்குமா என்பது, இன்று மாலை நாம் பதியும் எண் உண்மையானதா என்பதையும், அந்த எண்ணைக் கேள்வி கேட்கும் பிள்ளைகளை நாம் வளர்க்கிறோமா என்பதையும் பொறுத்தது.